பதினோரு மணிக்கு வராத பாட்டு

போன வாரம் அலுவலகத்தில் எங்கள் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை வைத்திருந்தார்கள். ரத்தம் எடுக்க வந்த பெண் என் முழங்கையில் பஞ்சால் ஸ்பிரிட்டைத் தேய்த்ததும் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பட்டுக்கோட்டையில் லேப் வேலையை முடித்துவிட்டு, சனிக்கிழமை தோறும் பாடகர் குழுப் பயிற்சிக்காகத் தஞ்சாவூருக்கு பஸ் ஏறி வருவாய். எத்தனை பவுடர் போட்டிருந்தாலும் உன் கையில் அந்த வாசனைதான் இருக்கும். "வலிக்குதா மேடம்?" என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லை என்றேன்.

உன்னிடம் பேசி ஒன்றரை வருடம் ஆகிவிட்டது.

உங்கள் லுத்தரன் கோயிலில் நீ பாடியதைக் கேட்ட ஒருவர், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் எடுத்த ஒரு சின்னப் படத்துக்கு உன்னைப் பாட வைத்தார். படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. பாட்டு நன்றாக இருந்தது. கல்லூரித் தோழி என்பதற்காகச் சொல்லவில்லை. எஃப்.எம். நிலையத்தில் மறுநாளைக்கான பாட்டுகளை வரிசைப்படுத்துவதுதான் பல வருடமாக என் வேலை. எது நல்ல பாட்டு என்று எனக்குத் தெரியும். அது தெரிந்து பயன் இல்லை என்பதும் தெரியும்.

பென் டிரைவோடு வந்து டீக்கடையில் உட்கார்ந்தாயே, நினைவிருக்கிறதா? "இத எப்படி ரேடியோவுல கொண்டுவர்றது?" என்று கேட்டாய். நான் பெரிய ஆள் போல விளக்கினேன். புதிதாக ஓடும் பாட்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வரும். போன வருடத்துப் பாட்டு நாளுக்கு ஒரு முறை. பழையது வாரத்துக்கு ஒன்று. எந்தப் பாட்டு எந்தக் கட்டத்தில் என்பதை முடிவு செய்ய, கேட்பவர்களுக்கு போன் போட்டுச் சில நொடிகள் பாட்டை ஒலிக்கவிட்டு, பிடிக்குமா, பிடிக்காதா, சலித்துவிட்டதா, தெரியாதா என்று கேட்பார்கள். தெரியாது என்று நிறையப் பேர் சொன்னால் பாட்டு வெளியே. தெரியாத பாட்டு வந்ததும் ஆட்கள் அடுத்த நிலையத்துக்கு மாறிவிடுவார்கள் என்ற பயம்.

"போட்டாத்தானடி தெரியும்?" என்றாய்.

"தெரிஞ்சாத்தான்டி போடுவாங்க."

இருவரும் சிரித்தோம். எனக்கு அது வேலை, சிரிக்க முடிந்தது. நீ ஏன் சிரித்தாய் என்று அப்போது யோசிக்கவில்லை.

எப்படியோ மாதம் ஒரு முறை, விடியற்காலை ஐந்து மணிக்கு உன் பாட்டைச் சொருகினேன். அலாரம் வைத்து எழுந்து கேட்பாய். "நல்லாருந்துச்சுடி. பால்காரருக்கும் எனக்கும் மட்டும் போட்ட மாதிரி இருக்கு" என்று போன் செய்வாய். பிறகு பட்டியலெல்லாம் சென்னையிலிருந்தே வர ஆரம்பித்தது; அதைச் சரிபார்ப்பது மட்டும் என் வேலையானது. அந்த ஐந்து மணியும் போயிற்று.

வயிற்றில் கட்டி என்று தஞ்சாவூரில் உன்னைச் சேர்த்தபோது, உன் அக்கா கூட இருந்தார். வார்டில் நர்ஸ்கள் மேசையில் காலையிலிருந்து எங்கள் நிலையம்தான் பாடிக்கொண்டிருக்கும்.

"பதினோரு மணிக்கு ஒரே ஒரு தடவ போடுடி. நான் சினிமாவுல பாடிருக்கேன்னா இந்த சிஸ்டருங்க நம்ப மாட்டேங்கிறாங்க."

வியாழக்கிழமை போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

சென்னையில் பட்டியல் போடுபவரிடம் கேட்டேன். அந்த மனிதர் கடுமையாகப் பேசவில்லை. "பதினோரு மணி முக்கியமான நேரம்ங்க. யாருக்குமே தெரியாத பாட்ட எப்படிங்க வைக்கிறது? ஒருத்தருக்கு வச்சா நாளைக்கி எல்லாரும் கேப்பாங்க." அவர் சொன்னது சரிதான். ஆனால் அவர் இல்லாமலேயே நான் செய்திருக்கலாம். ஒரு பாட்டை எடுத்துவிட்டு இன்னொன்றை இழுத்துவைக்க அரை நிமிடம் போதும். அந்த மாதம்தான் எங்களில் இரண்டு பேரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். எனக்கும் கடிதம் வந்துவிடுமோ என்று பயந்தேன். வியாழக்கிழமை கணினித் திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலை எட்டு மணிக்கு வந்த பாட்டே பதினோரு மணிக்கு மறுபடியும் வந்தது.

மறுநாள் உண்மையைச் சொல்லத்தான் வந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீ கேட்டுவிட்டாய்.

"ஊசி போட்டதுல அசந்து தூங்கிட்டேன்டி. பாட்டு போட்டியா?"

"போட்டேன்."

"முழுசாவா?"

"முழுசா."

சரி என்று தலையாட்டினாய். ஆரஞ்சு உரிக்கச் சொன்னாய். இரண்டு சுளை தின்றாய். அடுத்த வாரம் நீ இல்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்தபோது உன் அக்கா என் கையைப் பிடித்தார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அன்னைக்கி அவ பாட்டு ஏம்மா வரல? பத்தரைக்கே சிஸ்டரக் கூப்ட்டு சவுண்ட கூட்டி வைக்கச் சொன்னா. ஊசிகூட அப்புறம் போட்டுக்கிறேன்னுட்டா. ஒரு மணி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா. கடைசில அவளே, 'நேரத்த மாத்திட்டாங்க போல சிஸ்டர்'னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டா."



ஒரு மாதம் கழித்து, யாரையும் கேட்காமல், ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு உன் பாட்டைப் போட்டேன். முழுவதும் ஒலித்தது. நன்றாக இருக்கிறது என்றோ, நிறுத்துங்கள் என்றோ ஒருவரும் அழைக்கவில்லை. சென்னையிலிருந்து கடிதம் வரவில்லை. யாரும் கவனிக்கவே இல்லை. அத்தனை சுலபமான வேலை அது.

இன்று மதியமும் நாளைய பட்டியலைச் சரிபார்த்து அனுப்பிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பாட்டு வரவில்லை என்று தெரிந்துகொண்டே "முழுசாவா?" என்று கேட்டாயே, என்னைத் தப்பவிடுவதற்கா, உண்மையைச் சொல்லக் கடைசியாக ஒரு முறை எனக்கு இடம் கொடுப்பதற்கா என்று எனக்கு விளங்கவில்லை. எதற்காகக் கேட்டிருந்தாலும் நான் உனக்குச் சொன்னது அந்த ஒரு பதில்தான். அதோடுதான் இருக்கிறேன்.