கேட்டில் எடுத்த படம்

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

நாங்கள் நலம். உன் அண்ணி உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

செவ்வாயன்று உன் வீட்டு வாசல் வரை வந்தேன். இந்த மாதம் உன் ஊருக்குத்தான் பஸ் ஓட்டுகிறேன். திரும்பக் கிளம்ப நேரம் இருந்தது. உன் கையால் ஒரு டீ குடித்துவிட்டு, அரட்டை அடித்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். உன் அடுக்குமாடிக் கட்டடத்தின் கேட்டில் காவலாளி போனைத் தூக்கி, "அசையாம நில்லுங்க சார், போட்டோ எடுத்து மேல அவங்க போனுக்கு அனுப்பணும். அவங்க சரின்னு அழுத்தினாத்தான் விடமுடியும்" என்றார். பார்க்கப்போவது நீயாயிற்றே என்று சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டேன். சிரித்தும் வைத்தேன். கொஞ்ச நேரத்தில், "வேண்டாம்னு வந்திருக்கு சார்" என்றார்.

நீ வீட்டில் இருந்திருக்க மாட்டாய். அல்லது காவலாளி படம் அனுப்பிய அந்தச் செயலி எதையாவது உளறியிருக்கும்.

போனில் சொன்னால் பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு ஓடிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உன் அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஐயோ, எவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறாய்! அன்று போனை வைத்துவிட்டு வெளியே போயிருந்தேன். உன் மருமகள்தான் விளையாட்டு மும்முரத்தில் எதையோ அழுத்தித் தொலைத்திருக்கிறாள். நன்றாகத் திட்டிவிட்டேன். அழுதுகொண்டே தூங்கிப்போனாள்.

அடுத்த முறை கிளம்பும்போதே ஒரு மெசேஜ் போடு. செயலியில் உன் பெயரை முன்பே பதிந்துவிட்டால் கேட்டில் யாரும் நிறுத்த மாட்டார்கள். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை

மார்ச் 14

அன்புள்ள வாயாடிக்கு,

பிள்ளையைத் திட்டாதே. விஷயத்தை இப்படியே விட்டுவிடலாம் என்றிருந்தேன். குழந்தை வீணாக அழுதாள் என்று படித்த பிறகு மனசு கேட்கவில்லை.

அன்று ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று மேலே பார்த்தேன். நீ பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாய். ஒரு கையில் போன். கையை ஆட்டினேன், நீ கீழே பார்க்கவில்லை.

காவலாளி, "தங்கச்சி வீடுன்னீங்களே சார்?" என்று கேட்டிருந்தார். "நான்தான் கட்டடம் மாறி வந்துட்டேன் போல" என்று சொல்லிவிட்டுத்தான் ரோட்டைக் கடந்தேன். தினமும் உன்னைப் பார்க்கிற மனிதர். உன்னைப் பற்றி ஒன்று கிடக்க ஒன்று நினைத்துவிடக் கூடாது.

கோபமில்லை என்று எழுதினால் பொய். உனக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்று வழியெல்லாம் யோசித்தேன். இருந்தால் சொல், திருத்திக்கொள்கிறேன். இல்லையென்றால், இனி உன் ஊருக்கு வந்தாலும் பஸ் ஸ்டாண்டிலேயே டீ குடித்துக்கொள்கிறேன்.

உன் அண்ணன்

மார்ச் 19

அண்ணா,

எழுதக் கை கூசுகிறது. நான்தான் அழுத்தினேன். உன்னைப் பார்த்துவிட்டு, தெரிந்தேதான் அழுத்தினேன்.

நீ ஒரு கெடுதலும் செய்யவில்லை. அன்று எனக்கு வேலையும் இல்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. நீ வந்தால் உட்கார்ந்து முகம் கொடுத்துப் பேச வேண்டுமே என்று அலுப்பாக இருந்தது. அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது அகப்படாதா என்று தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்.

பாலும் காய்கறியும் மருந்தும் திரையைத் தொட்டால் வாசலுக்கு வந்துவிடுகின்றன. மணியடித்தால், கொண்டுவந்தவர் பையை வைத்துவிட்டுப் போகும்வரை கதவுக்குப் பின்னால் காத்திருந்து திறக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரியிடம்கூட மெசேஜில்தான் பேச்சு. நீ வாயாடி என்று எழுதும்போது, யாரையோ சொல்கிறாய் என்றிருக்கிறது.

உன் படம் இன்னும் செயலியில் இருக்கிறது. சோப்புத்தூள் கொண்டுவந்தவருக்கும் தண்ணீர் கேன் போட்டவருக்கும் நடுவில் நீ. தலையைப் படிய வாரி, பல் தெரியச் சிரிக்கிறாய். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகும் அழுத்தியிருக்கிறேனே. தினமும் எடுத்துப் பார்க்கிறேன், வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

மகளிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "மாமாவையா வேணாம்னு சொன்னே?" என்று கேட்டாள்.

நேற்று கீழே இறங்கிப் போனேன். காவலாளியிடம், "அன்னிக்கு வந்தவர் கட்டடம் மாறி வரலைங்க. என் கூடப் பிறந்த அண்ணன். நான்தான் வேண்டாம்னேன்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "எனக்கு அப்பவே தெரியும்மா. உங்க ஜாடை அப்படியே இருக்கே" என்றார். எனக்காக நீ சொன்ன பொய்யை அவர் நம்பவே இல்லை. ஆனாலும் இத்தனை நாளும் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். வாசலில் நிற்பேன். கதவைத் திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம்.

உன் தங்கை

மார்ச் 23

வாயாடிக்கு,

கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் ஞாயிறன்று வாசலில் நிற்காதே. எனக்கு அன்று டியூட்டி.

உன் ஊரிலிருந்து காலையில் கிளம்பும் முதல் பஸ் என்னுடையதுதான். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருவருக்கு இடம் போட்டு வைக்கிறேன். வண்டி ஓட்டும்போது நான் யாரிடமும் பேசுவதில்லை. நீயும் ஒன்றும் பேச வேண்டாம், சும்மா உட்கார்ந்து வா.

உன் அண்ணன்