கேள்வி ஏதும் உண்டா?

அன்பு மகனுக்கு,

உன் அப்பாவின் முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்கள்: பங்குச்சாமியார், அருளாயி அத்தை, இண்டூர்ச் சித்தப்பா குடும்பம், பால் சொசைட்டிக்காரர்கள் நால்வர், நாம் இருவர்.

நன்றி சொல்ல எழுந்த நீ அப்பாவை “டீம் லீடர்” என்றாய். “வேல்யூ அடிஷன்” என்றாய். ஆபீசில் முடிப்பதுபோல், “எனி கொஸ்டின்ஸ்?” என்றும் கேட்டாய். எம்.பி.ஏ.வில் பேசக் கற்றுக்கொடுத்தது இதைத்தானா?

அத்தை விடவில்லை. “நான் கேக்கறன் கண்ணு. ஆஸ்பத்திரில உம்பேரச் சொல்லிச் சொல்லியே எங்கண்ணன் உசுரு போச்சு. போனை ஏன்டா எடுக்கல?”

“குட் கொஸ்டின் அத்தை, அப்புறம் பேசலாம்” என்று உட்கார்ந்துவிட்டாய். சீ!

செபமாலை சொல்லும்போதும் அந்தக் கேள்விதான் என் நாவில் வருகிறது. இங்கிலீசு வேண்டாம், அழகாகவும் எழுத வேண்டாம். சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா