திருப்பி மாட்டிப் பார்த்தது

நவம்பர் 10, திங்கள்

காலையில் தூறல். ஒரகடம் பாலத்தடியில் தண்ணீர், கம்பெனி பஸ் இருபது நிமிடம் லேட். ஏ ஷிப்ட். மூன்று மணிக்கு வீடு.

வாங்க வேண்டியவை: குடை (பழையதில் கம்பி இரண்டு காலி), தோசை மாவு, செல்வியின் ஹெட்செட்டுக்குப் பஞ்சு உறை.

மகள் செல்விக்கு இன்று வேலை ஆரம்பம். சனிக்கிழமை வரை சோதனை வேலை, சரியாகச் செய்தால் நிரந்தரம், வீட்டில் இருந்தே. பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனி, படமே இல்லாத கேம் செய்கிறார்களாம். முழுக்கச் சத்தம்தான். காட்டுக்குள் நடக்க வேண்டும், காலடிச் சத்தம் இடதா வலதா என்று கேட்டுத் தப்பிக்க வேண்டும். லினக்ஸ் கம்ப்யூட்டரில் அது ஒழுங்காக ஓடுகிறதா, ஹெட்செட்டில் சத்தம் வருகிறதா, கையில் பிடிக்கும் கேம் பேடு அதிர்கிறதா என்று பார்த்து எழுதணும். பார்வை போனவர்கள்தான் இதற்குச் சரி என்று தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

இரண்டு வருஷம் ஆகிறது அவளுக்குப் பார்வை போய். கம்ப்யூட்டர் வாய் விட்டுப் படிக்கும், அவள் கேட்டுக் கேட்டு டைப் அடிப்பாள். விண்டோஸுக்குப் பதில் போடுவதுதான் லினக்ஸ். அது இலவசம், அந்தப் பேச்சும் இலவசம். பயிற்சி நிலையத்தில் போட்டுக் கொடுத்தார்கள்.

அவளுக்கு வலது பக்கம், பிளக் பாயிண்ட் ஓரமாக என் நாற்காலி. அங்கே உட்கார்ந்து வேலை தெரிந்தவன் மாதிரி தலையாட்டினேன். யார் பார்க்கப் போகிறார்கள்.

அவள் அம்மா சரசு கத்தல்: "குக்கர் நாலு விசில் வுட்டாச்சு, பக்கத்துலயே உக்காந்துகினு கீறா, ஆஃப் பண்ணக் கூடாதா? கூப்டா காதுல வாங்கறதே இல்ல. கேம் பைத்தியம்."

நவம்பர் 11, செவ்வாய்

மழை. இடி. என் புத்திக்கு ஒரு இடி தனியாக.

கம்பெனியில் ஷிப்ட் முடிந்தால் மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சிவப்பு அட்டை மாட்டி விட்டுத்தான் மேசையை விட்டு நகரணும். பதினாலு வருஷப் பழக்கம். வீட்டிலும் அதே கை. மிக்சி, டிவி, அயர்ன் பாக்ஸ், எதையும் விட்டதில்லை.

வந்தேன். வெளியே இடி. செல்வி பாத்ரூமில். மானிட்டர் கறுப்பு. சரி, அணைத்துவிட்டாள் என்று நினைத்துப் பிளக்கைப் பிடுங்கினேன்.

அவள் மானிட்டரைப் போடுவதே இல்லை. எதற்குப் போடணும்? இரண்டு வருஷமாக அது கறுப்புதான். தெரிந்தும் பிடுங்கினேன். உள்ளே அப்டேட் ஓடிக்கொண்டிருந்ததாம், பாதியில்.

திரும்பப் போட்டால் கம்ப்யூட்டர் ஊமை. சத்தம் இல்லையென்றால் செல்விக்குக் கம்ப்யூட்டரே இல்லை. அவள் கீபோர்டைத் துடைத்தாள். சரசு இருவர் பங்குக்கும் சேர்த்துத் திட்டினாள். நியாயம்.

இரவு சாதம் இறங்கவில்லை. இருந்தாலும் இரண்டாவது முறை வாங்கினேன். என் வயிறு மானம் கெட்டது.

நவம்பர் 12, புதன்

மழை விட்டுவிட்டு. கம்ப்யூட்டரைச் சாக்கில் சுற்றி, குழந்தை மாதிரி மடியில் வைத்து, ஷேர் ஆட்டோவில் சுங்குவார்சத்திரம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. கடைக்காரர் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சார் இது, லினக்ஸா? நம்மாண்ட யாரும் இத்த தொட மாட்டாங்க. எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுக்கினு போ, பாட்டு ஜம்முனு வரும்."

பாட்டுக்கு இல்லை என்றேன். திரும்பச் சாக்கு. திரும்ப மடி.

செல்வி செல்போனில் லினக்ஸ்காரர்கள் கூடும் இடத்தில் கேட்டு வைத்திருந்தாள். போன் பேசும், அது பிழைத்தது. யாரோ முகம் தெரியாதவர் வரிசையாகப் பதில் போட்டிருக்கிறார். அவள் டைப் அடிக்கணும், திரையில் என்ன வருகிறது என்று நான் படிக்கணும். அவளுக்கு இங்கிலீஷ் இருக்கிறது, கண் இல்லை. எனக்குக் கண் இருக்கிறது, இங்கிலீஷ் பத்தாவதோடு சரி. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு ஆள்.

எழுத்தெழுத்தாகப் படித்தேன். டி, யூ, எம், எம், ஒய்.

"டம்மிப்பா. சவுண்ட் கார்டு இருக்கறதே அதுக்குத் தெரியல. பேருக்கு ஒண்ணை நிறுத்தி வச்சிருக்குது."

என்னைத்தான் சொல்கிறாயா என்றேன். சிரித்தாள். நேற்றிலிருந்து முதல் சிரிப்பு.

நவம்பர் 13, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்தது. துணி காய்ந்தது.

பாதியில் நின்ற அப்டேட்டை முடிக்க ஒரு வரி. அடித்தாள். எழுத்து எறும்பு வரிசையாக ஓடியது. ஒரு மணி நேரம் பிளக் பக்கம் யாரும் போகக் கூடாது என்று காவல் நின்றேன். சரசு துடைப்பத்தோடு வந்ததையும் தடுத்தேன்.

அணைத்துப் போட்டோம். சவுண்ட் கார்டு பெயர் வந்துவிட்டது, சத்தம் வரவில்லை. திரையில் கோடு கோடாக டப்பா, அடியில் எம் எம் என்று போட்டிருந்தது. வாயை மூடி வைத்திருக்கிறது என்று அர்த்தமாம். எம் பட்டனை அழுத்தினாள்.

பேசியது. அந்த மூக்கடைத்த இங்கிலீஷ் குரல். வாய் தவறி "கண்ணு, வந்துட்டுது" என்றேன். கண்ணு என்று கூப்பிடுவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. அவள் கண்டுகொள்ளவில்லை. ஹெட்செட்டை மாட்டி, கேம் பேடைப் பிடித்து, காட்டுக்குள் போய்விட்டாள்.

டீ ஆறுவதற்குள் திரும்பினாள். வலது பக்கம் சத்தம் இல்லையாம். கேமில் செத்துச் செத்துப் போகிறாளாம்.

நவம்பர் 14, வெள்ளி

மேகம். வேலையில் கவனம் இல்லை. சூப்பர்வைசர் இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

லினக்ஸ் கூட்டம் சொன்ன எல்லாம் செய்து பார்த்தாள். இரண்டு பக்கச் சத்த அளவும் சமம்.

என் வேலை கார் ஒயர் கட்டு சோதிப்பது. மேசையில் மாட்டினால் விளக்கு எரியணும். எரியாவிட்டால் புது ஆளுக்கும் முதலில் சொல்லிக் கொடுப்பது இதுதான்: திருப்பி மாட்டிப் பார். குறை ஒயரோடு இடம் மாறினால் ஒயரைத் தூக்கிப் போடு. குறை அதே இடத்தில் நின்றால் ஒயர் நல்லது, மேசையில் கோளாறு.

முதலில் நான் மாட்டிப் பார்த்தேன். சோதனைக் குரல் இடது பக்கம் "லெஃப்ட்" என்றது, வலது பக்கம் "ரைட்" என்றது. இரண்டும் கணீர். மெஷின் இரைச்சலில் பதினாலு வருஷம் ஊறிய காது இது, இதற்கே கேட்கிறது.

அவள் தலையில் மாட்டினேன்.

"லெஃப்ட்டுங்குது. அப்புறம் ஒண்ணும் காணோம். திரும்ப லெஃப்ட்டு."

ஒயர் முறுக்கிக்கொண்டது, சரி பண்ணுகிறேன் என்று சொல்லிக் கழற்றி, திருப்பி மாட்டினேன். இடது வலதாக, வலது இடதாக.

கொஞ்ச நேரம் கேட்டாள். "இப்ப ரைட்டுங்குதுப்பா. லெஃப்ட்டைக் காணோம்."

எந்தக் காதில் கேட்கிறது என்றேன். இடது காதைத் தொட்டாள்.

குறை அதே இடத்தில் நின்றது.

ஹெட்செட் லூஸ், வேறு வாங்கலாம் என்றேன். குரல் சரியாகத்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

பீரோவில் கண் ஆஸ்பத்திரி பைல். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி, டாக்டர் வாயாலும் சொன்னார்: இந்த மாதிரிக் கண் வியாதியில் சிலருக்குக் காதும் போகும், வருஷம் ஒரு தடவை காட்டுங்கள். ஒரு தடவை கூடப் போகவில்லை. ஒன்று போனதே போதும், இன்னொன்றும் போகுமா என்று பைலை மூடி வைத்தவன் நான். பிளக்கைப் பிடுங்கியதற்கு மூன்று நாள் வருத்தப்பட்டேன்.

குக்கர் விசில் ஞாபகம் வந்தது. அடுப்பு அவளுக்கு வலது பக்கம்.

நவம்பர் 15, சனி

காலையிலிருந்து மழை. வார லீவு. சரசுவிடம் சொன்னேன். அவள் மாவு கரைத்துக்கொண்டே இருந்தாள், தண்ணீர் அதிகமாகிவிட்டது.

காது டாக்டர் திங்கள் பத்து மணி. லீவு சொல்லணும்.

செல்வியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். அவள் பெங்களூர் கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய தாளை அடித்துக்கொண்டிருந்தாள். என்ன எழுதுகிறாய் என்றேன். பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கேட்டேன்.

"வலது பக்கம் வர்ற காலடி கேக்கலன்னு எழுதறேன். கேம்ல குறை இல்ல, ஹெட்செட்ல குறை இல்ல, லினக்ஸ்லயும் குறை இல்ல."

பிறகு, "குறை எங்கன்னு ஒரு கட்டம் கீதுப்பா. இன்னா போடட்டும்?"

என் நாற்காலிப் பக்கம் போனேன்.

"நேத்து நீ திருப்பி மாட்டினியே, கன்னத்துல மைக் இந்தப் பக்கம் வந்து இடிச்சுது. அப்பவே தெரிஞ்சிடுச்சு. அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

சொல்லிவிட்டேன் என்றேன். கேட்டதா தெரியவில்லை. நாற்காலியைத் தூக்கி இடது பக்கம் போட்டு உட்கார்ந்து, மறுபடி சொன்னேன்.