வெல்லாவெளியில் இருப்பதாகச் சொன்னவளுக்கு

என் அன்பான வதனி,

அன்பான என்று எழுதிவிட்டேன். கோபமும் இருக்கிறது, அதையும் சேர்த்தே வாசி.

உன் அம்மா காலமான பிறகு, களுதாவளைக் கடற்கரையில் உன் சீதன வீட்டில் நீ தனியாக இருக்கக்கூடாது என்றேன். வெல்லாவெளியில் என் அம்மாவோடு இருந்தால்தான் மலேசியாவுக்குப் படிக்கப் போவேன் என்றேன். "ஓம் மச்சான், நான் மாமியோட போய் இரிக்கன். நீங்க போங்க" என்றாய்.

கடைசி ஞாயிற்றுக்கிழமையும் எட்டு மணிக்கே போனில் பேசினோம்.

"மாமிட மாடு கண்டு போட்டிருக்கு மச்சான். நெத்தியில வெள்ளச் சுட்டி. உங்களப் போலதான், பாலக் குடிச்சிட்டு ஒரே படுக்க!"

"எனக்கு நாளைக்குச் சோதின, தெரியுமா?"

"அதுவும் படுத்திட்டுத்தானே எழுதுவீங்க?"

கொஞ்ச நேரத்தில் தொலைக்காட்சியில் கடல் ஊருக்குள் வந்தது. கூடப் படித்த நம் கரையோர ஊர்க்காரர்கள் அழுதார்கள். நான் அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். "என்ட மனிசி வெல்லாவெளியில. அங்க கடல் இல்ல" என்றேன். இரண்டு இரவு நன்றாக நித்திரை கொண்டேன், வதனி. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மூன்றாம் நாளும் உன் குரல் வராததால் புறப்பட்டேன். வெல்லாவெளி வீட்டு வாசல் படலையில் அம்மா நின்றா.

"வதனி எங்க? கண்டுக்குட்டியோட நிக்காளா?"

"என்ன கண்டு மனே?"

பிறகு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. "அவள் இஞ்ச வரவே இல்ல மனே. உனக்குச் சொல்லப்படாதெண்டு சத்தியம் வாங்கினவள். சொன்னா படிப்ப விட்டுட்டு வந்திருவியாம்."

உன்னைப் பலரோடு ஒரே குழியில் புதைத்து முடித்திருந்தார்கள். முகம் பார்க்கவும் கிடைக்கவில்லை. என் படிப்பும் அந்தப் படலையோடு நின்றது. கல்லூரிக் கடிதங்களை நான் பிரிக்கவே இல்லை.

நான் படிக்கப் போனது தொலைத்தொடர்பு. வெல்லாவெளி வீட்டில் போன் இல்லை என்பது எனக்குத் தெரியும். அங்கிருந்து முதல் பஸ் பட்டிருப்புப் பாலம் தாண்டிக் களுதாவளைக்கு வரவே எட்டரையாகும். நீயோ ஒவ்வொரு ஞாயிறும் சரியாக எட்டுக்கு, களுதாவளைக் கொமினிகேசன் கடைப் போனை முதல் மணியிலேயே எடுத்தாய். நான் ஏன் ஒருநாளும் கணக்குப் பார்க்கவில்லை? மாமியார் வீட்டில் போய் இருப்பது உனக்கு அவ்வளவு குறைச்சலா? நீ சொல்லியிருந்தால் நான் போயிருக்கமாட்டேனே. அதனால்தான் சொல்லவில்லையா?

யுத்தமும் முடிந்துவிட்டது. இப்போது போன் டவர் ஏற்றும் வேலை செய்கிறேன். போன மாதம் வெல்லாவெளியில் ஒன்று ஏற்றினோம். சோதித்துப் பார்க்க ஒரு கோல் எடுக்கச் சொன்னார்கள். எனக்கு மனப்பாடமாய் இருந்தது அந்தக் கடையின் இலக்கம் மட்டும்தான். பாவனையில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. நன்றாகத் தெளிவாகவே கேட்டது.

அம்மாவோடு இப்போது பேசுகிறேன். உன்னோடுதான் இன்னும் முடியவில்லை. உன் வீட்டில் கிணறும் சீமெந்து நிலமும் மிஞ்சியிருக்கிறதாம். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

வாற ஞாயிறு வாறன். எட்டு மணிக்கு அந்த நிலத்தில் இருப்பேன். போனில் நாம் ஒருநாளும் சண்டை பிடிக்கவில்லை. அதைப் பிடித்து முடிக்கும்வரை எழும்பமாட்டேன். எங்கே போகிறேன் என்று அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

நீ சொன்னதையெல்லாம் நம்பின,
உன் மச்சான்