எமலோக டோல்கேட்டில் உன் அப்பா

ஒலக்கூர்
பங்குனி, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் வெற்றிவேலுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ‘நாங்கள்’ என்று எழுதி, அடித்துவிட்டேன். நான் நலம், மாடும் கன்றும் நலம், உன் தங்கை பானு விழுப்புரத்தில் பிள்ளைகளோடு நலம். நீ குவைத்தில் அந்த வெயிலில் எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இருமல் விட்டதா என்று தெரியாமல் மனசு அடித்துக்கொள்கிறது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் அப்பா என்று நான் வாயெடுத்தாலே, அம்மா சூப்பர்வைசர் கூப்பிடறாரு, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய். உங்கள் சூப்பர்வைசருக்கு அப்பா பேச்சு மட்டும் எப்படித்தான் காதில் விழுகிறதோ. காகிதத்தை நடுவில் வைக்க முடியாது, முழுசாகப் படித்துத்தான் ஆகவேண்டும். எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டுக் கலைப்பிரியா போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவாள். அனுப்பும்போது அவளும் படிப்பாள். படிக்கட்டும், இதில் ஊருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை.

மல்லாட்டை பிடுங்கி ஆயிற்று. கடலைக்காய் நல்ல திரட்சி. உன் பச்சைமுத்து சித்தப்பாதான் ஆள் வைத்து, கூடவே நின்று முடித்துக் கொடுத்தார். பானு என்னை விழுப்புரத்துக்கே வந்துவிடச் சொல்கிறாள். போன வாரம் போய் இரண்டு நாள் இருந்தேன், பிள்ளைகள் மடியைவிட்டு இறங்கவில்லை. ஆனாலும் பஸ் திண்டிவனம் தாண்டி நம் ஊர்ப் பக்கம் திரும்பினால்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வருகிறது. மாட்டை யார் பார்ப்பது என்று அவளிடம் சாக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். மாடு மட்டும் காரணமில்லை. நீ வந்தால் இந்த வீட்டுக்குத்தானே வருவாய், பூட்டிக் கிடந்தால் என்ன செய்வாய்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் தைக் கிருத்திகைக்கு உன் அப்பா மயிலம் போனது உனக்குத் தெரியும். அவரோடு ராயப்பன் அண்ணனும் போனார். அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர், ஆனாலும் உன் அப்பா வண்டியை எங்கே எடுத்தாலும் பின்னால் ஏறி உட்கார்ந்துவிடுவார். சாமி பார்த்துவிட்டுத் திரும்பும்போது கூட்டேரிப்பட்டில் ரோட்டு ஓரமாக டிவிக்காரர்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வருகிறதே, ‘எமலோக டோல்கேட்’ என்று ஒரு சிரிப்பு நிகழ்ச்சி, அதற்குத்தான். செத்தவர்களாக வரிசையில் நிற்க ஆள் போதவில்லை என்று அந்தக் கம்பெனிக்காரர் ஒருவர் போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டாராம். டிவியில் தெரியும் என்றதும் உன் அப்பாவும், மதியம் பிரியாணி என்றதும் ராயப்பன் அண்ணனும் செத்துப்போகச் சம்மதித்துவிட்டார்கள். அப்பாவுக்குக் கிருத்திகை விரதம், அதனால் அவர் பொட்டலமும் ராயப்பன் அண்ணனுக்கே போயிற்று.

நீ அந்த நிகழ்ச்சியைப் பார்த்ததில்லை என்பதால் சொல்கிறேன். செத்தவர்கள் எல்லோரும் நெடுஞ்சாலையில் நடந்து வருகிறார்கள். நம் விக்கிரவாண்டியில் இருப்பது மாதிரியே ஒரு டோல்கேட். சித்திரகுப்தன் கூண்டுக்குள் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்துகொண்டு, சர்வர் வேலை செய்யவில்லை, ஓரமாக நில்லுங்கள் என்கிறான். எமனுக்குத் தலையில் கிரீடம், கீழே அரைக்கைச் சட்டையும் டையும். எருமையை எங்கே நிறுத்துவது என்பதே அவனுக்குப் பெரிய தலைவலி. சொர்க்கத்துக்கு ஒரு வழி, நரகத்துக்கு ஒரு வழி, ஆள் மாறி வந்துவிட்டவர்களுக்கு ஒரு யூ டர்ன். செத்தவர்களுக்கு அங்கே டீக்கடைகூட உண்டு. முன்பெல்லாம் நானும் உன் அப்பாவும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்துச் சிரித்திருக்கிறோம். சொர்க்கம் முழுக்க ஏசி போட்டிருப்பார்கள், அப்பா அதைப் பார்த்துவிட்டு, நமக்கு ஏசி ஆவாது, சளி புடிச்சிக்கும் என்பார். எனக்கு ஒரே ஒரு குறை. வரிசையில் இத்தனை பேர் நிற்கிறார்களே, ஒருவராவது வீட்டில் இருக்கிறவள் சாப்பிட்டாளா என்று கேட்கிறார்களா? எழுதுகிறவருக்கு அது தோன்றவில்லை போல.

அன்றைக்கு இருட்டும் நேரத்தில் அப்பா வீட்டுக்கு வந்தார். நெற்றியில் பொண வேஷத்துக்குக் காசு ஒட்டிய பசை போகாமல் அப்படியே இருந்தது. சோறு போட்டுக்கொண்டிருந்த என்னிடம் நடந்ததை எல்லாம் சொன்னார். டோல்கேட்டைத் தாண்டும்போது ஒவ்வொருவரும் கேமராவைப் பார்த்து, நான் போறேன் என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டுமாம், அவ்வளவுதான் வேலை. எல்லோரும் சொல்லிவிட்டார்கள். உன் அப்பா வாயைத் திறந்தால், போய்ட்டு வர்றேன் என்று வந்துவிட்டதாம். மறுபடி எடுத்தார்களாம், மறுபடியும் அதேதான். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு, அண்ணே, செத்தவரு எப்பிடிண்ணே திரும்பி வருவாரு, ஜல்தியா போறேன்னு சொல்லிட்டுப் போங்கண்ணே என்று கெஞ்சினாராம். அதற்கு இவர், இன்னா பண்றது தம்பி, வாசலத் தாண்டிக்கினே போறேன்னு எப்பிடிச் சொல்றது, எங்க ஊட்ல அந்த வார்த்தைய சொல்ல உட மாட்டாங்க என்றாராம். அங்கே நின்ற பொணங்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தனவாம். கடைசியில் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று அவருக்கே தெரியவில்லை, டிவியில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிச் சிரித்ததில் புரை ஏறிவிட்டது. நான்தான் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன்.

டிவியில் வரவில்லை. ஏதோ தகராறில் அன்றைக்கு எடுத்ததை ஓரமாக வைத்துவிட்டார்களாம். அதற்குள் சித்திரை வந்துவிட்டது. கழனியில் இருந்து மாரைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது வாயில் ஆக்ஸிஜன் மூடி. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார், மூடியை எடுக்கக் கூடாது என்று கூட இருந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள், அவர்கள் செய்தது சரிதான். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரிதான் இருந்தார். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் வாசலில் சொல்லாமல் போனது அன்றைக்கு ஒரு நாள்தான். பிறகு வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள், அழுதார்கள், எழுந்து போனார்கள். துக்க வீட்டில் வருகிறேன் என்று யாரும் சொல்லக் கூடாது, அது முறை, நானும் எத்தனையோ வீட்டில் அப்படித்தான் எழுந்து வந்திருக்கிறேன். ஆனால் காரியம் முடியும் மட்டும் ஒவ்வொருவராக வாயைத் திறக்காமல் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அந்த வாசலே வெறுத்துவிட்டது. உனக்கு லீவு தரவில்லை. போனில் பார்த்துக்கொண்டிருந்தாய், பாடையைத் தூக்கும் நேரத்தில் சிக்னல் போய்விட்டது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று நீ இன்று வரை கேட்கவில்லை.

இந்த மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கலைப்பிரியா ஓடிவந்தாள். பெரிம்மா, பெரிப்பா டிவில வர்றாரு, சீக்கிரம் போடுங்க என்றாள். எனக்கு ரிமோட்டில் எதை அழுத்துவது என்று தெரியவில்லை, அவள்தான் போட்டாள். வந்தாரடா. வெள்ளை வேட்டி, கழுத்தில் மாலை, நெற்றியில் காசு. அதே கோலத்தில்தான் அவரை நான் கடைசியாகப் பார்த்தேன். ஆனால் இவர் சும்மா இருக்கவில்லை. காசு நழுவி நழுவி விழ, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தார். முதுகைச் சொறிந்தார். ராயப்பன் அண்ணன் காதில் ஏதோ சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். டீக்கடைப் பக்கமே கண். நடிக்க வந்த இடத்தில்கூட டீயைத் தேடுகிறாரே என்று நான் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன், கலைப்பிரியா பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த யூ டர்ன் பலகை தெரிந்தபோது, அந்தப் பக்கம் திரும்பிவிடுங்கள், யாரும் பார்க்கவில்லை என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன் தம்பி. பைத்தியம் என்று நினைத்துக்கொள்.

ஒன்று சொல்கிறேன் கேள். அதுவரை கண்ணை மூடினால் எனக்கு அவர் தாடையைச் சேர்த்துக் கட்டிய அந்த முகம்தான் வரும். வேறு முகமே வராது. உயிரோடு இருந்த முகத்தை நினைத்துப் பார்க்க முயன்று முயன்று தோற்றிருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு காசை ஒட்டிக்கொண்டு சிரிக்கிற முகம் வருகிறது. செத்ததாக நடித்த உன் அப்பாதான் எனக்கு உயிரோடு இருந்த உன் அப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். உன் சித்தப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அண்ணன் வெளையாட்டா பொணம் மாதிரி வேசம் கட்டிக்கினு நின்னாரு, அதான் எமன் நெசமாவே வந்துட்டான், இனிமே அந்தப் பொட்டிய போடாதீங்க அண்ணி என்றார். அப்ப எமன் வேசம் போட்டவரு நல்லாத்தானே கீறாரு, ராயப்பண்ணனும் தெனம் வந்து டீ குடிச்சிட்டுத்தானே போறாரு என்று கேட்டேன். அவரும் அண்ணனை நினைத்துத்தான் அப்படிப் பேசுகிறார், எனக்குத் தெரியும். சுடுகாட்டில் கொள்ளி வைத்த கை அவருடையது.

அடுத்த வாரம்தான் டோல்கேட்டைத் தாண்டுகிற பகுதி. நான் விளக்கேற்றிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். பாட்டுப் போட்டார்கள், வரிசை நகர ஆரம்பித்தது, அப்பாவுக்கு முன்னால் நிற்கிற பருத்த ஆள் கூண்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. இதைப் பார்த்துவிட்டால் உன் அப்பாவிடம் நான் புதிதாகப் பார்க்க இந்த உலகத்தில் இனி ஒன்றும் மிச்சம் இல்லை. எழுந்து நிறுத்திவிட்டேன். அவர் சொன்னதை அப்படியே விட்டார்களா, வெட்டிவிட்டு வேறு யார் குரலையாவது போட்டுவிட்டார்களா, எனக்குத் தெரியாது. தெருவுக்கே தெரியும். கலைப்பிரியா முகம் நிறையச் சேதியோடு வந்து நின்றாள், சொல்லாதடி என்றேன். ராயப்பன் அண்ணன் டீ குடிக்கும்போதெல்லாம் சொல்ல வந்து முழுங்குகிறார். மாவு அரைக்கிற இடத்தில்கூட நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. இந்த ஊர் ஒரு சேதியை இத்தனை நாள் வாய்க்குள் வைத்திருந்ததை நான் பார்த்ததே இல்லை. அந்தப் பகுதி போனில் அப்படியே இருக்கிறதாம், எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமாம். பானு உனக்கும் அனுப்பியிருக்கிறாள். நீ திறக்கவில்லை என்று அவள் சொன்னாள்.

ஏன் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நீ அவரை அந்தக் கோலத்தில் நேரில் பார்க்கவில்லை, போனில் பார்த்ததை உன் மனசு ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் உனக்கு அவர் இன்னும் கழனியில்தான் நிற்கிறார், மோட்டார் போடுகிறார், பஸ் ஸ்டாண்டுக்கு உன்னைக் கூப்பிட வரப்போகிறார். ஒரு விதத்தில் எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது, நம் இரண்டு பேரில் ஒருவரிடமாவது அவர் உயிரோடு இருக்கட்டுமே என்று. ஆனால் அதற்காக நீ வீட்டுக்கே வராமல் இருந்தால் நான் இரண்டு பேரை இழந்தவளாக ஆகிறேன் வெற்றி. கொள்ளி வைக்க வரவில்லை என்று உன்னை இந்த ஊரில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொன்னால் நான் சும்மா விடவும் மாட்டேன். அடுத்த மாதம் தலைத்திவசம். சித்தப்பாவே இதையும் செய்துவிடுவார், செய்யத் தெரியாதவர் இல்லை. ஆனால் படையல் போட்டு முடித்து எல்லோரும் போன பிறகு, நீயும் பானுவும் நானும் மட்டும் கூடத்தில் உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் என்ன சொல்லிவிட்டுத் தாண்டினார் என்று நாம் மூன்று பேரும் ஒன்றாகக் கேட்க வேண்டும். வெட்டியிருந்தால் மூன்று பேரும் சேர்ந்து அந்த டைரக்டரைத் திட்டிக்கொள்ளலாம். தனியாகப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

மயிலம் முருகன் உன்னைக் காப்பான், நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். வெந்நீர் குடி, ஏசி அறையில் தலையை மூடிக்கொண்டு படு. நாளைக்கே லீவு எழுதிக் கொடு, மறந்துவிடாதே. ஒரு வாரம் கிடைத்தாலும் போதும், மூன்று நாள் என்றாலும் வா. நீ வரும் வரை நான் அதைப் பார்க்கப்போவதில்லை. என்னால் முடிந்த மட்டும் உன் அப்பாவை அந்த வாசலைத் தாண்ட விடாமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
செந்தாமரை கொளஞ்சி