ஐம்பது ஓட்டத்துப் பெட்டி

பழவேற்காடு
8-6-1954

அன்புள்ள அசன் முகைதீன் அண்ணனுக்கு, தங்கை மெஹர்னிசா சலாம் சொல்லி எழுதுவது.

வாப்பாவும் உம்மாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுத வரவில்லை. நீ அனுப்பிய போட்டோவால் என் கல்யாணம் நின்றுபோயிற்று.

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் திருவள்ளூர் தோல்மண்டி கிஃபாயத்துல்லா வீட்டார் தேதி குறிக்க வந்தார்கள். சாப்பாடு ஆனது. பேச்சும் நன்றாகத்தான் போனது. வாப்பாவுக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. 'எம் புள்ள சீமையிலே கிரிக்கெட் ஆடுறான், பாருங்க' என்று அந்த லங்காஷயர் போட்டோவை எடுத்து நீட்டினார். மட்டையோடு நீ நிற்கிறாய். இரண்டு கிழவர்கள் கூட்டத்துக்குள் பெட்டி ஏந்திப் போகிறார்கள். பின்பக்கத்தில் உன் கையெழுத்து: 'ஐம்பது ஓட்டம் எடுத்ததும் எனக்காக வசூல். ஊரே காசு போட்டது.'

கிஃபாயத்துல்லா அதை இரண்டு தடவை படித்தார். 'இன்னா பாய், ஜும்மா முடிஞ்சி கதியத்தவனுக்குத்தானே நாம துண்டு விரிப்போம்? உங்க புள்ளைக்கு அங்க விரிச்சிக்கினு கீறாங்களே' என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெற்றிலைத் தட்டைத் தொடாமல் அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

எனக்கு இருபத்தொன்று. இதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போனது உனக்கே தெரியும். மற்றவர்கள் மானம் கப்பலேறும், நம் மானத்தை நீ விமானத் தபாலில் ஏற்றி அனுப்பியிருக்கிறாய்.

எரிச்சலுடன்,
மெஹர்னிசா


லங்காஷயர், இங்கிலாந்து
17-6-1954

தங்கை மெஹர்னிசாவுக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. நான் பிச்சைக்காரனா?

இங்கே ஓர் ஊர்க் கிரிக்கெட் சங்கத்துக்குச் சம்பளத்துக்கு ஆடுகிறவன் ஒருவன்தான். அது நான். மற்றப் பத்துப் பேரும் வாரம் முழுக்கப் பஞ்சாலையில் உழைத்துவிட்டுச் சனிக்கிழமை ஆட வருகிறவர்கள். பந்து வீசுவது, மட்டை பிடிப்பது, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, தரையில் உருளை இழுப்பது எல்லாம் என் வேலை. ஐம்பது எடுத்தால் பெட்டி சுற்றி வரும். எதிரூர்க்காரனும் அதில் போடுவான். நாற்பத்தொன்பதில் அவுட்டானால் ஒருவனும் பைக்குள் கை விடமாட்டான். இது இரக்கப்பட்டுப் போடுகிற காசா?

மெட்ராசில் சம்பளமில்லாமல் ஆடினேனே, அப்போது 'எம் புள்ள தொரைங்களோட ஆடுறான்' என்று வாப்பா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தத் துரைகள் தின்று எழுந்த பிறகு சமையற்கட்டுப் பின்வாசலில் நின்று நான் சாப்பிட்டேன். யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். அது கௌரவம், இது பிச்சையா?

இதை அந்தத் தோல்மண்டிக்காரருக்குப் படித்துக் காட்டும்படி வாப்பாவிடம் சொல்.

அசன் முகைதீன்


பழவேற்காடு
29-6-1954

அன்புள்ள அண்ணனுக்கு,

வாப்பா உன் கடிதத்தோடு திருவள்ளூர் போய் வந்தார். கிஃபாயத்துல்லா பாதிக்குமேல் கேட்கவில்லையாம். 'இந்த பேஜாரெல்லாம் வேணாம் பாய். இனிமே அந்தப் பொட்டியைத் தொடமாட்டேன்னு உங்க புள்ள ஒரு காயிதம் எழுதிக் குடுக்கட்டும். அன்னிக்கே தேதி குறிச்சிடலாம்' என்றாராம்.

எழுதிக் கொடு. நீ ஆடு, சம்பளம் வாங்கு, உருளை இழு, யார் வேண்டாம் என்றார்கள்? பெட்டியை மட்டும் விட்டுவிடு. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? மீன் கொண்டுவரும் ரோசம்மாள்கூடக் கூடையை இறக்கும்போதே 'உங்கண்ணனுக்கு இன்னிக்கு எவ்ளோ உழுந்துச்சி?' என்று கேட்கிறாள்.

ஆரம்பத்தில், வாப்பாவுக்குத் தெரியாமல் நீ மெட்ராசில் ஆடப்போன நாளெல்லாம் 'கடைச் சரக்கு எடுக்கப் போயிருக்கான்' என்று வாப்பாவிடம் பொய் சொன்னவள் நான். பதிலுக்கு நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

மெஹர்னிசா


லங்காஷயர்
13-7-1954

மெஹர்னிசாவுக்கு,

நீங்கள் கேட்ட காகிதம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

போன சனிக்கிழமை அறுபத்திரண்டு எடுத்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். கைதட்டல் அப்படியே நின்றுபோயிற்று. ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒருவர் வழிமறித்தார். நான் அனுப்பிய போட்டோவில் பெட்டி ஏந்திப் போகிற இரண்டு கிழவர்களில் ஒருவர். முப்பது வருஷம் தறியில் நின்றவர். 'என் காசு உனக்கு அழுக்கா?' என்று கேட்டார்.

அடுத்த வருஷம் என்னை வைத்துக்கொள்வதா என்று சங்கக் கமிட்டி யோசிக்கிறதாம். போதுமா? கல்யாணத்தை நன்றாக நடத்துங்கள். எனக்குப் போட்டோ அனுப்ப வேண்டாம்.

அசன் முகைதீன்


பழவேற்காடு
24-7-1954

அண்ணனுக்கு,

காகிதம் வந்தது. கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். இரண்டு நாளாக வாப்பா என்னோடு பேசவில்லை, உம்மா அழுதுகொண்டிருக்கிறாள். அழட்டும்.

தங்கை கேட்டால் புத்தியைக் கழற்றி வைத்துவிடுவாயா? அந்தக் கிழவர் கேட்டதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்கு அந்த வீட்டில் நீ வாங்கித் தந்த சேலையை நான் கட்டினால் இது எந்தக் காசு என்று கேட்பார்கள். அதற்கும் ஒரு காகிதம் எழுதி அனுப்புவாயா?

காகிதம் வந்ததா என்று கேட்டு கிஃபாயத்துல்லா ஆள் அனுப்பியிருந்தார். வாப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். 'அது எங்கண்ணன் ஆடி வாங்குன காசு. தோலு எடை போடறப்போ உங்க மண்டியிலே தராசை அமுக்குறாங்களே, அந்தக் காசு இல்லேன்னு போய்ச் சொல்லு' என்றேன். வந்தவன் செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போனான். அந்த இடம் முடிந்தது. அடுத்த இடம் வருமோ வராதோ, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்மேல் கோபம் மட்டும் தீரவில்லை. வேண்டாம் என்று எழுதியவள் நான், அதைக் கேட்டுக்கொண்டு ஒரு பெரிய மனுஷரைத் தலைகுனிய வைத்தவன் நீ. முதலில் அவரிடம் போய் மன்னிப்புக் கேள்.

இந்த உறைக்குள் ஓரணா இருக்கிறது. அந்த ஊரில் செல்லாது என்று தெரியும். அடுத்த ஐம்பது எடுக்கும்போது, பெட்டி கிளம்புமுன் அதை அந்தக் கிழவர் கையில் கொடு. பழவேற்காட்டிலிருந்து என் தங்கை போட்டது என்று சொல்.

மெஹர்னிசா