படுக்கையறை மேசைக்கு ஒரு விரிப்பு

அம்மணிக்கு,

கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படுக்கையறை மேசையைப் பார்த்து உன் அண்ணன், "ஒரு விரிப்புக்குக்கூட வக்கில்லாத ஊட்டுலயா என்ற தங்கச்சியக் குடுத்துப்போட்டோம்?" என்றார். நீ சிரித்தாய். நான் அவரை வெளியே போகச் சொன்னேன். நீயும் அவரோடு வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறிவிட்டாய்.

எம்.ஏ. படித்தவனுக்கு ஒரு துணியை மடித்துத் தைக்கத் தெரியாதா என்று உன் தையல் மெஷினில் நானே உட்கார்ந்தேன். வீட்டில் இருந்தது திருப்பூர் பனியன் துணிதான். அது ஊசிக்கடியில் நகராமல் அடம்பிடித்தது. நானும் விடாமல் இழுத்து இழுத்துத் தைத்தேன். இப்போது ஓரமெல்லாம் நீண்டுபோய் அலையலையாகத் தொங்குகிறது.

பக்கத்து வீட்டுப் பங்காரம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மேசைக்குப் பாவாடை கட்டி உட்டிருக்கீங்களா? அம்மணி இருந்தா இப்படி உடுவாங்களா?" என்கிறார். பாவாடை என்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இரண்டாவது கேள்வியைக் கேட்ட பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

பிரித்துத் தைக்க எனக்குப் பொறுமை கிடையாது. உன் அண்ணனிடம் மன்னிப்பும் கேட்க மாட்டேன். ஞாயிறு மாலை பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. வெள்ளகோவில் பஸ்கள் வந்து நிற்கும் இடத்தில்தான் நிற்பேன். கடைசி பஸ் வரும்வரை அந்த வேலை முடியாது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்